ஹவாய் அன்னாசி டப்பா கம்பெனி: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: டோல் கம்பெனியை ஆரம்பித்தவர்தானே ஹவாய் ராணியைக் கவிழ்த்தவர்?

இல்லை. ராணி லிலியுவோகலானி ஆட்சியை இழந்தது 1893-இல். அடுத்து அரசின் தலைவரானவர் சான்ஃபோர்டு டோல். அன்னாசிக்காரர் ஜேம்ஸ் டோல் அவருடைய சொந்தக்காரர். ஹவாய்க்கு வந்ததே 1899-இல்தான். 1901-இல் அவர் தொடங்கிய கம்பெனியின் பெயரும் 'ஹவாயியன் பைனாப்பிள்'. பெயரை வைத்து ஆளை மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: பழமாகவே அனுப்பாமல் எதற்கு டப்பா?

அன்னாசியை மாங்காய் போலப் பறித்துவந்து பழுக்கப் போட முடியாது. செடியில் ஏறிய இனிப்புதான் இனிப்பு. பழுத்ததைப் பறித்தாலோ, கப்பல் கலிஃபோர்னியா போய்ச் சேர்வதற்குள் அழுகல். டோலுக்கு முன்பே ஜான் கிட்வெல் டப்பாவில் அடைத்துப் பார்த்தார். அமெரிக்காவின் 35 சதவீத இறக்குமதி வரி கையைக் கடித்தது. 1898-இல் தீவுகளை அமெரிக்கா சேர்த்துக்கொண்டது; 1900-இல் அமெரிக்கச் சுங்கச் சட்டம் அங்கேயும் வந்ததும் வரித் தொல்லை தீர்ந்தது. டோல் 1903-இல் முதல்முறை அடைத்தது 1,893 பெட்டி. அப்புறம் ஆலை ஹொனலூலு துறைமுகத்துப் பக்கம், இவிலேய்க்கு மாறியது. டப்பா செய்யும் ஆலையும் பக்கத்திலேயே வந்தது. காலி டப்பாவைக் கப்பலில் கொண்டுவருவது காற்றுக்குக் கூலி கொடுப்பதுதானே!

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகன் 1911-இல் வேலைக்கு வந்த ஹென்றி ஜினாகா. அவர் செய்த இயந்திரம் தோலைச் சீவி, நடுத்தண்டை எடுத்து, பழத்தை டப்பாவுக்குள் பொருந்தும் உருளையாக்கித் தள்ளியது. நிமிடத்துக்கு நூறு பழம் வரை. தோலில் ஒட்டிய சதையைக்கூட அது விடவில்லை.

கேள்வி: ராணியைக் கவிழ்த்தது ஜேம்ஸ் டோல் என்று படித்தேனே?

மேலே பாருங்கள். 1893, 1899.

கேள்வி: சான்ஃபோர்டு கவர்னராக இருந்தபோதுதானே ஜேம்ஸுக்கு அரசு நிலம் கிடைத்தது? இவர் கை சுத்தமா?

இது கேள்வி! ஜேம்ஸ் கவிழ்க்கவில்லை, ஆனால் கவிழ்ப்பின் பலனைச் சாப்பிட்டார். வஹியாவாவில் அவர் வாங்கிய அறுபது ஏக்கர் சொச்சம் அரசு நிலம். ராணியின் கிரீட நிலங்களையும் அரசு நிலத்தோடு கலந்தது 1895 சட்டம்; அப்போது ஹவாய் தனிக் குடியரசு, அதன் தலைவர் சான்ஃபோர்டு. வரி போனதும் இணைப்பால்தான். முதல் பதிலில் நான் இதைச் சொல்லாமல் விட்டது தப்பு. ஆனாலும் ஆள் வேறு, ஆதாயம் வேறு.

கேள்வி: லானாய் தீவையே வாங்கினாராமே?

ஆம், 1922-இல், 11 லட்சம் டாலருக்கு.

கேள்வி: ராணியைக் கவிழ்த்த டோல்...

ஐயா, சான்ஃபோர்டு. சான்ஃபோர்டு.

கேள்வி: வீட்டில் ஒரு அன்னாசி டப்பா உப்பியிருக்கிறது, சாப்பிடலாமா?

திறக்காமல் தூக்கிப் போடுங்கள்.