‘2050-க்குள், 2070-க்குள் கார்பன் நடுநிலை’ (வெளிவிடும் கரியமில வாயுவுக்கு ஈடாக அதே அளவை நீக்கிவிடுவது) என்று நாடுகளும் கம்பெனிகளும் அறிவிப்பதால் தொழிலில் ஏதாவது மாறியிருக்கிறதா, வெறும் விளம்பரமா?

விளம்பரம் நிறையவே உண்டு. ஆப்பிள் தன் கைக்கடிகாரங்கள் சிலவற்றை ‘கார்பன் நடுநிலை’ என்று விற்றது. மிச்ச உமிழ்வுக்கு ஈடாகக் காட்டியது பராகுவேயில் உள்ள யூகலிப்டஸ் தோப்பை. அந்த நிலத்தில் முக்கால் பங்குக்குக் குத்தகை 2029-லேயே முடிகிறது. அதற்குப் பிறகு மரம் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று, 2025 ஆகஸ்டில் பிராங்பர்ட் நீதிமன்றம் அந்த விளம்பரத்துக்குத் தடை போட்டது.

நாடுகள்? சீனா 2060 என்றது, இந்தியா 2070 என்றது. அறிவித்தவர்களில் யாரும் அப்போது பதவியில் இருக்கப்போவதில்லை.

ஆனால் ஒன்று நிஜமாகவே வேலை செய்கிறது: ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை கார்பன் வரி, ஆங்கிலச் சுருக்கத்தில் சிபாம் (CBAM). வெளியிலிருந்து வரும் எஃகு போன்ற சரக்கைத் தயாரிக்கையில் வெளியான கரியமில வாயுவுக்கு அங்கே காசு வசூலிக்கும் ஏற்பாடு இது. போல்ட், நட்டு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் பேப்பர் வேலை பார்ப்பவன் என்பதால் இது எனக்குத் தினப்படி தலைவலி. 2023 அக்டோபரில் உமிழ்வுக் கணக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று ஆரம்பித்தார்கள். 2026 ஜனவரியிலிருந்து வரும் சரக்குக்கு அங்கே இறக்குமதி செய்பவர் காசு கட்ட வேண்டும்.

கணக்கைப் போட்டால்தான் விஷயம் புரியும். எங்கள் ஹீட் ட்ரீட்மெண்ட் உலையில் எரியும் கேஸால் வரும் உமிழ்வு மொத்தத்தில் சொற்பம். மின்சாரத்தால் வரும் உமிழ்வு, இரும்புச் சரக்குக்கு இப்போதைக்குக் காசில் சேராது. பெரும்பங்கு, போல்ட் செய்ய நாங்கள் வாங்கும் வயர் ராடோடு (எஃகுக் கம்பியோடு) கூடவே வந்துவிடுகிறது. ஊதுலையில் நிலக்கரி போட்டு உருக்கிய எஃகு என்றால் டன்னுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு. ஸ்கிராப்பை மின் உலையில் உருக்கியது என்றால் அதில் சிறு பகுதிதான். ஆக, எஃகு ஆலைக்காரரிடம் அவருடைய உமிழ்வு எண்ணைக் கேட்டுக் கெஞ்ச வேண்டும். அவர் தராவிட்டால் ஐரோப்பா வைத்திருக்கும் பொது மதிப்பைப் போடுவார்கள், அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம். கட்டுகிற காசைக் கழித்துக்கொண்டு விலை பேசத்தான் வாடிக்கையாளர் பார்ப்பார்.

டெல்லி இதை வணிகத் தடை என்று வெளியில் எதிர்க்கிறது. ஆனால் 2023-லேயே இங்கும் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை (உமிழ்வு வரம்பைத் தாண்டும் ஆலை, வரம்புக்குள் நிற்கும் ஆலையிடம் கிரெடிட் வாங்கும் ஏற்பாடு) அறிவித்துவிட்டது. சொந்த ஊரில் கட்டிய கார்பன் விலையை அங்கே கழித்துக்கொள்ளலாம் என்று சிபாம் விதியிலேயே இருக்கிறது. கட்டுவதுதான் கட்டுகிறோம், நம் கஜானாவுக்கே போகட்டுமே என்கிற கணக்கு. என் பார்வையில் இது நியாயமான கணக்குதான்.

எங்கள் பர்சேஸ் ஆள் இப்போது வயர் ராடு விலை கேட்கும்போதே எந்த உலை என்றும் கேட்கிறார். 2070 அறிவிப்பு வந்தபோது அவர் அதைக் கேட்டதில்லை.