தனிக்குடித்தனம் போகும் துணைப் பாத்திரங்கள்

சென்ற இதழில், ‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கக் குற்றத் தொடரில் துணைப் பாத்திரமாக வரும் வக்கீல் சால் குட்மேனுக்கு, ‘பெட்டர் கால் சால்’ என்று தனித் தொடர் எடுத்தது நல்ல காரியம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் சண்டைக்கே வந்திருக்கிறீர்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதே பஞ்சாயத்துதான்.

அக்கா, ‘பிரேக்கிங் பேட்’ முழுவதையும் பார்த்தவன் நான். சால் குட்மேன் வந்தாலே சிரிப்பு வரும். ஐந்து நிமிடம் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போகிற ஆளை அறுபது எபிசோடுக்கு இழுத்தால் தாங்குமா? ஊறுகாயைத் தட்டு நிறையப் பரிமாறுவது போல இல்லையா?
– வாசகர், நாமக்கல்

தம்பி, ஊறுகாயைத் தட்டு நிறையப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். நானே போட்டிருக்கிறேன்.

சாலிகிராமத்தில் ஒரு மெகா சீரியலுக்கு உதவி வசனகர்த்தாவாக இருந்த காலம். கதையில் இஸ்திரி வண்டிக்காரர் ஒருவர் வருவார். உள்ளே மாமியாரும் மருமகளும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்று, “துணி இருக்காம்மா?” என்பார். அவ்வளவுதான் அவர் பங்கு. அந்த ஒரு வரி பிரமாதமாகப் பிடித்துக்கொண்டது. நடித்தவரைக் கல்யாண மண்டபங்களில் நிறுத்தி அதைச் சொல்லச் சொன்னார்கள். உடனே மேலிடத்து உத்தரவு: இஸ்திரிக்காரருக்கு ஒரு டிராக் எழுதுங்கள். எழுதினோம். செத்துப்போன மனைவி, கந்துவட்டிக் கடன், வாய் பேசாத மகள். மூன்று வாரம் ஓடியது. நான்காவது வாரம் அவரைப் பழையபடி வாசலில் நிறுத்தி, “துணி இருக்காம்மா?” என்று கேட்க வைத்தோம். யாரும் சிரிக்கவில்லை. இன்றைக்கு வட்டி கட்ட வேண்டும் போலிருக்கிறது, பாவம் என்றுதான் தோன்றியது. மனிதரிடம் இருந்ததே ஒரு வரி. அதையும் பிடுங்கிக்கொண்டோம்.

சிரிப்புக்குக் காரணம் சொல்லப் போனோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. தனித் தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனும் பீட்டர் கூல்டும் சால் விஷயத்தில் அந்தப் பக்கமே போகவில்லை. ஆரம்பத்தில் அவர்களும் அரை மணி நேர நகைச்சுவைத் தொடராகத்தான் யோசித்தார்கள். அது நடந்திருந்தால் நீங்கள் சொன்ன ஊறுகாய்தான். ஆனால் 2015-இல் ‘பெட்டர் கால் சால்’ தொடங்கியபோது, ஒரு பழைய விளம்பர டேப்பைத் தவிர, அதில் சால் குட்மேனே இல்லை. இருந்தவர் ஜிம்மி மெக்கில். தபால் வழியில் சட்டம் படித்தவர். பெண்கள் நகம் அழகுபடுத்திக்கொள்ளும் கடையின் பின்கட்டில் ஆபீஸ். மஞ்சள் நிற சுசுகி காரில் ஒரு கதவு மட்டும் சிவப்பு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசு ஒதுக்கும் கேஸ்களை வைத்துத்தான் பிழைப்பு. இவர் இனி சால் குட்மேன் என்ற பெயரில் தொழில் செய்யப் போகிறேன் என்று சொல்வது நான்காவது சீசனின் கடைசிக் காட்சியில். அதாவது நாற்பது எபிசோடு கழித்து. அதற்குள் அந்தப் பெயர் நமக்குச் சிரிப்பு மூட்டுவதை விட்டு வயிற்றைப் பிசைய ஆரம்பித்திருக்கும்.

இஸ்திரிக்காரர் கதையும் அழுகையில்தானே முடிந்தது என்று கேட்பீர்கள். வித்தியாசம் ஜிம்மியின் அண்ணனில் இருக்கிறது. சக் மெக்கில், பெரிய சட்ட நிறுவனத்தின் பங்குதாரர். மின்சாரம் தன் உடம்புக்கு ஆகாது என்று நம்பி, வீட்டு மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு லாந்தர் வெளிச்சத்தில் வாழ்கிறவர். ‘பிரேக்கிங் பேட்’டில் யார் என்ன சொன்னாலும் சால் மனம் நோக மாட்டார், கவனித்திருப்பீர்கள். அவர் மனம் நோகிற மாதிரி பேச அங்கே அவருக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. தனித் தொடரில் அப்படி ஒருவரைக் கூடவே பிறக்க வைத்துவிட்டார்கள். நாங்கள் இஸ்திரிக்காரருக்குக் கஷ்டத்தைக் கொடுத்தோம், ஆளைக் கொடுக்கவில்லை. கடன்காரனாக வந்தவருக்கு முகம்கூடச் சரியாகக் காட்டவில்லை.

துணைப் பாத்திரத்துக்குத் தனித் தொடர் என்பது தனிக்குடித்தனம் மாதிரி. பழைய வீட்டின் அண்டா குண்டாவை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் காணாது. அங்கே புதிதாக ஓர் உறவு இருக்க வேண்டும், அது லேசில் விடாத உறவாக இருக்க வேண்டும்.

அறுபது என்றீர்களே, மொத்தம் 63 எபிசோடு. தாய்த் தொடர் 62.

‘பிரேக்கிங் பேட்’டில், பாலைவனத்தில் ஒரு குழி முன்னால் சால் குட்மேனை மண்டியிட வைக்கும்போது இரண்டு பேர் பெயரைச் சொல்லி உளறுவாரே, அவர்கள் கதை பின்னால் வரும் என்று அப்போதே திட்டம் போட்டிருப்பார்களா?
– வாசகி, கோவில்பட்டி

இல்லை. 2009-இல் வந்த காட்சி அது. முகமூடி போட்ட இருவர் கடத்திக்கொண்டு போனதும், நான் இல்லை, இக்னாசியோதான் செய்தான் என்று அலறுவார். லாலோ அனுப்பவில்லையா என்று கேட்டுவிட்டுப் பெருமூச்சு விடுவார். இந்த ஆளுக்குப் பழைய பகை நிறைய உண்டு போல என்று நாம் நினைத்துக்கொள்வதற்காகப் போட்ட இரண்டு பெயர்கள். தனித் தொடர் எழுத உட்கார்ந்தபோதுதான், இக்னாசியோ யார், லாலோ யார் என்ற கேள்வி மேசைக்கு வந்தது. இக்னாசியோ 2015-இல் நாச்சோவாக வந்தார். லாலோவுக்கு முகம் கிடைக்க 2018 ஆனது. ஒரு பயந்த மனிதன் வாயிலிருந்து தெறித்த பெயர் ஒன்பது வருடம் காத்திருந்திருக்கிறது.

சாலின் கையாளாக வரும் மைக்கின் கதை இன்னும் வேடிக்கை. ‘பிரேக்கிங் பேட்’ இரண்டாவது சீசன் கடைசி எபிசோடில், நாயகனின் கூட்டாளி ஜெஸ்ஸியின் வீட்டுக்கு வந்து தடயங்களைத் துடைத்துவிட்டுப் போக வேண்டியவர் சால்தான். சாலாக நடித்த பாப் ஓடன்கெர்க் வேறொரு தொடரில் மாட்டிக்கொண்டிருந்ததால் கால்ஷீட் இல்லை. சரி, அவர் அனுப்பிய ஆள் வரட்டும் என்று ஜோனாதன் பேங்க்ஸைக் கூட்டி வந்தார்கள். அந்த ஒரு நாள் வேலைக்காரர்தான் பிறகு இரண்டு தொடர்களிலும் பாதி பாரத்தைச் சுமந்தார். கால்ஷீட் கிடைக்காத நாளில் நாங்கள் போனில் பேசுவது போல ஒரு காட்சி எழுதிச் சமாளிப்போம்!

‘ஃப்ரெண்ட்ஸ்’ ஜோயியை உலகத்துக்கே பிடிக்கும். அவன் தனித் தொடர் மட்டும் ஏன் படுத்தது?
– கல்லூரி மாணவி, திருச்சி

நியூயார்க்கில் ஆறு நண்பர்களின் கதை ‘ஃப்ரெண்ட்ஸ்’. 2004-இல் அது முடிந்த அதே வருடம் தொடங்கி, 2006-இல் 46 எபிசோடோடு மூட்டை கட்டியது ‘ஜோயி’. அக்கா, அக்கா மகன் என்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு குடும்பமே அமைத்துக் கொடுத்தார்கள். ஆனால் ஜோயி அசட்டுத்தனமாக ஏதாவது சொன்னால் நாம் சிரித்தது ஜோயியைப் பார்த்து மட்டுமா? அவன் அறைத்தோழன் சாண்ட்லரின் முகம் போகிற போக்கையும் சேர்த்துப் பார்த்துத்தானே! நன்றாகச் சிரிக்க வைப்பவன் ஒருவன், அந்தச் சிரிப்பை எடுத்துக் கொடுப்பவன் இன்னொருவன். இவனை மட்டும் விமானம் ஏற்றிவிட்டார்கள்.

தவிர ஜோயி துணைப் பாத்திரமே இல்லை, ஆறில் ஒரு பங்குக்காரன். பாகம் பிரித்துக்கொண்டு போனவன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

துணைப் பாத்திரம் என்றால் அந்தக் காபிக் கடை கன்தர். அவருக்கு ஏன் தொடர் எடுக்கவில்லை?
– அதே மாணவி, கடிதத்தின் பின்பக்கம்

நடித்த ஜேம்ஸ் மைக்கேல் டைலர் நிஜமாகவே காபிக் கடையில் வேலை பார்த்தவர். எஸ்பிரெஸ்ஸோ மெஷினை இயக்கத் தெரியும் என்பதால் பின்னணியில் நிற்கக் கூப்பிட்டார்கள். வசனம் கிடைத்ததே இரண்டாவது சீசனில்தான். ஆறு பேரில் ஒருத்தியான ரேச்சலை ஏக்கமாகப் பார்ப்பதற்கு மேல் அவர் வாழ்க்கையில் என்ன இருந்தது என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அவரை இவ்வளவு பிடித்திருக்காது. கன்தரை விட்டுவிடுங்கள், அவர் மேசையைத் துடைக்கட்டும்.

பழைய தொடரில் ஒன்று சொல்கிறார்கள், கிளைத் தொடரில் வேறொன்று சொல்கிறார்கள். ரசிகர்களை முட்டாள் என்று நினைக்கிறார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் இந்த வகைத் தொடர்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அப்படி ஒரு பொய்யில் தொடங்கியதுதான்.

‘சியர்ஸ்’ என்று ஓர் அமெரிக்கத் தொடர். பாஸ்டனில் ஒரு மதுக்கடை, அங்கே வந்து உட்காரும் மனிதர்கள். 1984-இல், மூன்றாவது சீசனில், காதல் முக்கோணத்துக்கு மூன்றாம் முனை வேண்டுமென்று ஃப்ரேசியர் கிரேன் என்கிற மனநல மருத்துவரைக் கொண்டுவந்தார்கள். கெல்சி கிராமர் நடித்தார். சில எபிசோடில் போக வேண்டியவர், தொடர் 1993-இல் முடியும் வரை நகரவில்லை. தன் அப்பா ஆராய்ச்சியாளர், இறந்துவிட்டார் என்று அந்த மதுக்கடையில் சொல்லியிருப்பார்.

1993-இல் ‘ஃப்ரேசியர்’ தொடங்கியது. முதல் எபிசோடிலேயே அப்பா உயிரோடு, கைத்தடியோடு வந்து நிற்கிறார். ஆராய்ச்சியாளர் இல்லை, இடுப்பில் குண்டடி பட்டு ஓய்வுபெற்ற போலீஸ்காரர். கூடவே, பிளாஸ்திரி ஒட்டிய ஒரு பழைய சாய்வு நாற்காலி. விலை உயர்ந்த சாமான்களாகப் பார்த்துப் பார்த்து அடுக்கிய மகனின் வீட்டில் நட்டநடுவே அந்த நாற்காலி பதினொரு வருடம் கிடந்தது. பிறகு பழைய தொடரின் மதுக்கடைக்காரர் சாம் விருந்தாளியாக வந்து, உன் அப்பா செத்துவிட்டார் என்றாயே என்று அப்பாவை வைத்துக்கொண்டே கேட்பார். அப்போது அவரோடு சண்டை, அதனால் சொல்லிவிட்டேன் என்பார் ஃப்ரேசியர். எழுதியவர்கள் விட்ட ஓட்டை, மகன் அப்பா மேல் வைத்திருந்த கோபமாக மாறிவிட்டது. ஐயா, உங்கள் மாணவர்களிலும் யாராவது லீவு லெட்டரில் தாத்தாவைக் கொன்றிருப்பார்களே!

இன்னொன்றும் செய்தார்கள். கதையைப் பாஸ்டனிலிருந்து நாட்டின் அடுத்த கோடியான சியாட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். பழைய ஆட்கள் வாராவாரம் எட்டிப்பார்க்கக் கூடாது என்பதற்காகவே. 264 எபிசோடு, அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மி 37. விருதை வைத்து எடை போடாதீர்கள், ‘பெட்டர் கால் சால்’ 53 முறை பரிந்துரை பெற்று ஒன்றுகூட வாங்கவில்லை.

அதே மதுக்கடையிலிருந்து 1987-இல் இன்னொரு குடும்பமும் தனியாகக் கிளம்பியது. பரிமாறும் பெண் கார்லாவின் முன்னாள் கணவன் நிக் டோர்டெல்லியும் அவன் புது மனைவியும் லாஸ் வேகாஸுக்குப் போனார்கள். 13 எபிசோடு. நிக் ஒரு போக்கிரி என்பதுதான் நகைச்சுவை. புது ஊரிலும் போக்கிரியாகவே இருந்தான், வேறென்ன செய்வான்?

தனியாகப் போன பிள்ளை தாய்த் தொடரைவிட நன்றாக வாழ்ந்தது உண்டா?
– வாசகர், புதுச்சேரி

‘தி ஜெஃபர்சன்ஸ்’. நார்மன் லியரின் ‘ஆல் இன் தி ஃபேமிலி’யில் இனவெறி பிடித்த ஆர்ச்சி பங்கருக்குப் பக்கத்து வீட்டில் இருந்த கறுப்பினக் குடும்பம். சலவைத் தொழிலில் பணம் சேர்த்து 1975-இல் மன்ஹாட்டன் அடுக்குமாடிக்குக் குடிபோனார்கள். 253 எபிசோடு, தாய்த் தொடரைவிட அதிகம். குடும்பத் தலைவர் ஜார்ஜ் பழைய தொடரில் ரொம்ப நாள் பேச்சில் மட்டும் வந்தார். நடிக்க வேண்டிய ஷெர்மன் ஹெம்ஸ்லி பிராட்வே நாடகத்தில் இருந்தார், லியர் காத்திருந்தார். அதுவரை தம்பி பாத்திரம் ஒன்றை வைத்து ஓட்டினார்கள். மறுபடி கால்ஷீட்தான் பாருங்கள்.

இவ்வளவு ஓடிய தொடருக்கு 1985-இல் முடிவு எபிசோடு என்று ஒன்றுகூட எடுக்காமல் நிறுத்திவிட்டார்கள்.

நம் சீரியல்களில் ஏன் இந்தப் பழக்கம் இல்லை?
– இல்லத்தரசி, பொள்ளாச்சி

நம் ஊரில் துணைப் பாத்திரம் கையிருப்பு. நாயகிக்குக் கல்யாணம், பிரசவம், டெங்கு எது வந்தாலும் பத்து நாளை ஓட்ட நாத்தனாருக்கு ஒரு டிராக், கொழுந்தனுக்கு ஒரு டிராக். வாரத்தில் ஆறு நாள் ஒளிபரப்பு, வியாழக்கிழமை ரேட்டிங். கையிருப்பைத் தனியாக அனுப்பிவிட்டால் அடுத்த வாரத்துக்கு என்ன செய்வது?

கதை சொல்வதில் நமக்கு இது புதிதில்லை. வியாச பாரதத்தில் சிறிது நேரம் வந்து போரில் சாகிற அரவான், தமிழில் களப்பலி ஆனான், கூத்து ஆனான், கூவாகத்தில் சாமியாகவே ஆனான். சித்திரை தோறும் அவனுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுகிறவர்களிடம் போய், அவன் துணைப் பாத்திரம் என்று சொல்லிப் பாருங்கள்.

‘பெட்டர் கால் சால்’ நாயகனின் தோழி கிம் வெக்ஸ்லருக்குத் தனித் தொடர் வருமா?
– வாசகர், ஈரோடு

வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். கிளைக்குக் கிளை விட்டால் மரத்துக்கு ஆகாது என்பதற்காக இல்லை. அவள் கதையில் மிச்சம் எதுவும் இல்லை. முடிந்துவிட்டது.

நான் இரண்டையும் பார்க்கவில்லை. எதை முதலில் பார்ப்பது? கதைக் காலப்படி வக்கீல் தொடர்தானே முன்னால் வருகிறது?
– வாசகி, வேலூர்

காலக்கணக்கு பார்க்காதீர்கள். ‘பிரேக்கிங் பேட்’டை முதலில் பாருங்கள். வக்கீல் தொடரின் முதல் ஐந்து சீசன்களும் ஒமாஹா நகரத்து பன் கடை ஒன்றில், கறுப்பு வெள்ளையில், மீசை வைத்த ஒரு மேனேஜரோடுதான் தொடங்கும். அவர் யார், யாருக்குப் பயந்து வாசலையே பார்க்கிறார் என்பது பழைய தொடரைப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

இன்னொன்று, சக் வீட்டுக் காட்சிகள் பயங்கர இருட்டு. பகலில் பார்ப்பதானால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்காருங்கள்.