நாடகத்தை வாடகைக்கு எடுக்கும் முன்: நுகர்வோர் கேள்வி-பதில்

மேடை நாடகப் பதிவுகளை வீட்டிலிருந்தே இணையத்தில் காசு கொடுத்துப் பார்ப்பது பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அப்பிச்சிக்கு (அம்மாவின் அப்பா) எண்பது வயது தாண்டிவிட்டது. நோம்பி (திருவிழா) தவறாமல் ஊர் ஊராகப் போய், விடிய விடிய நாடகம் பார்த்தவர். இப்போது அவரை வெளியே அழைத்துப் போக முடிவதில்லை. கோயம்புத்தூரில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் மகள், லண்டன் நாடகங்களுக்கு ஆண்டுச் சந்தா கட்டலாம் என்கிறாள். இருவருக்கும் சேர்த்து அந்த ஒன்றையே எடுத்துவிடலாமா?
— வாசகி, பெருந்துறை

பதில்: அம்மா, ஒரே சந்தா இருவருக்கும் பொருந்தாது. முதலில் மகளுடைய கணக்கைப் பார்ப்போம். லண்டன் நேஷனல் தியேட்டர் 2009 முதல் தன் நாடகங்களைத் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பி வந்தது. கொரோனா ஊரடங்கில் சில நாடகங்களை யூடியூபில் இலவசமாகக் காட்டிய பின், 2020 டிசம்பரில் 'நேஷனல் தியேட்டர் அட் ஹோம்' என்ற பெயரில் வீட்டுச் சேவையைத் தொடங்கியது. உங்கள் மகள் சொல்வது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். தொடங்கியபோது அதன் மாதச் சந்தா 9.98 பவுண்டு, ஆண்டுச் சந்தா 99.98 பவுண்டு, சந்தா கட்டாமல் ஒரே ஒரு நாடகத்தை 72 மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுக்கவும் வழி வைத்திருந்தார்கள். இன்றைய விலையை அவர்களுடைய பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த விலைகளுக்கிடையே உள்ள விகிதம்தான் இங்கே கவனிக்க வேண்டியது. பத்து மாதச் சந்தாவும் ஓராண்டுச் சந்தாவும் ஏறத்தாழ ஒரே தொகை என்பதால், ஆண்டில் பத்து மாதத்துக்கு மேல் விடாமல் பார்ப்பவருக்குத்தான் ஆண்டுச் சந்தா இலாபம். செமஸ்டர் தேர்வும் செய்முறை வேலையும் இருக்கும் ஒரு கல்லூரி மாணவி பத்து மாதம் பார்ப்பாள் என்று நான் நம்பவில்லை. பாடத்தில் உள்ள நாடகங்களில் எவையெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று முதலில் குறித்துக்கொண்டு, விடுமுறையில் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டி, அந்த மாதத்துக்குள் பார்த்து முடித்துவிட்டு நிறுத்திவிடச் சொல்லுங்கள். ஷேக்ஸ்பியர் மட்டுமே வேண்டுமென்றால், லண்டன் குளோப் அரங்கத்தின் பதிவுகளும் நாடகத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியே கிடைக்கின்றன.

பணம் பவுண்டில் போவதால், திரையில் தெரியும் விலைக்கு மேல் வங்கி தன் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் (பொதுவாக 2 முதல் 3.5 சதவீதம்), அந்தக் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பிடிக்கும். அத்துடன், 2020 மார்ச் 16 முதல் புதிதாக வழங்கப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே திறந்து வைத்தாலொழிய அது நடக்காது என்பது ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு. எனவே முதல் முயற்சியில் பணம் போகாவிட்டால், கார்டு கெட்டுவிட்டதென்று வங்கிக்கு ஓட வேண்டாம், வங்கிச் செயலியில் அந்த விசையைத் திறந்து, பணம் கட்டி முடித்ததும் மறக்காமல் மூடிவிடுங்கள். பதிவைப் பார்க்காமல் நேரலையைப் பார்க்க ஆசைப்பட்டால் நேரத்தையும் கவனிக்க வேண்டும்: லண்டனில் மாலை 7.30 என்பது கோடையில் நமக்கு நள்ளிரவு 12 மணி, குளிர்காலத்தில் 1 மணி.

அப்பிச்சிக்கு வருவோம். ஆங்கில நாடகம் அவருக்கு எதற்கு? தமிழில் சென்னைச் சபா நாடகங்களின் பதிவுகள் யூடியூபில் ஏராளமாக உள்ளன. கிரேசி மோகன், எஸ்.வி. சேகர் நாடகங்களைக் காசு கொடுக்காமலேயே பார்க்கலாம். ஆனால் திடலில் பாய் விரித்து உட்கார்ந்து, ஆர்மோனியமும் மிருதங்கமும் கேட்டுப் பழகியவருக்குச் சபா நகைச்சுவை ருசிக்குமா என்பது சந்தேகமே. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த 'வள்ளி திருமணம்', சேலம், நாமக்கல் பக்கத்துத் தெருக்கூத்து, நம் கொங்குப் பகுதிக்கே உரிய அண்ணன்மார் சாமி கதையின் உடுக்கைப் பாட்டு ஆகியவற்றையும் கோயில் நோம்பிகளில் பதிவு செய்து ஏற்றியிருக்கிறார்கள்.

இவற்றில் நல்லதைப் பொறுக்க, படத்தைவிட ஒலியை நம்புங்கள். பார்வையாளர்களுக்குப் பின்னால் ஒரே கேமராவை நிறுத்தி, அதிலேயே உள்ள மைக்கில் பதிவு செய்திருந்தால், வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும், முன்வரிசைக் குழந்தையின் அழுகை மட்டும் தெளிவாகக் கேட்கும். மேடை ஒலிப்பெருக்கியிலிருந்தே ஒயர் எடுத்துப் பதிவு செய்திருந்தால், ஒரே கேமராவானாலும் கேட்க இதமாக இருக்கும். காசு கட்டும் நாடகமானாலும் சரி, முன்னோட்டத்தில் இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வசனம் புரியாவிட்டால் வாங்காதீர்கள். வயதானவர்களுக்குக் காது மந்தமாக இருக்குமாதலால் இது இன்னும் முக்கியம். லண்டன் பதிவுகளில் எழுத்துரை இருக்கும். நம் பதிவுகளில் அது அரிது.

கேள்வி: ஒரு தமிழ் நாடகத்துக்கு இணையத்தில் 250 ரூபாய் கட்டினேன். 48 மணி நேரம் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. பனியன் கம்பெனியில் எனக்கு இரவு ஷிஃப்ட். அடுத்த நாள் மாலைதான் செல்போனில் போட்டேன். இருபதாவது நிமிடத்தில் படம் நின்று சுற்ற ஆரம்பித்தது. எவ்வளவோ முயன்றும் ஓடவில்லை, அதற்குள் கெடு முடிந்துவிட்டது. பணம் திரும்பாது என்கிறார்கள்.
— வாசகர், திருப்பூர்

பதில்: ஐயா, நீங்கள் வாங்கியது நாடகத்தை அல்ல, குறிப்பிட்ட காலத்துக்குள் அதைப் பார்க்கும் அனுமதியை மட்டுமே. ஆகையால் அந்தக் கடிகாரம் எந்த நொடியில் ஓடத் தொடங்குகிறது என்பதைப் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டும். யூடியூபில் திரைப்படம் வாடகைக்கு எடுப்பவருக்குப் பார்க்கத் தொடங்க 30 நாளும், தொடங்கிய பின் முடிக்கப் பொதுவாக 48 மணி நேரமும் கிடைக்கும். சிறிய தளங்கள் பலவற்றில் பணம் கட்டிய நொடியிலேயே 48 மணி நேரம் ஓடத் தொடங்கிவிடும். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் இரண்டாம் வகையை, கையில் விடுப்பு இருக்கும் நாளிலன்றி, எடுக்கவே கூடாது.

உங்கள் கடிதத்தில் 'இருபதாவது நிமிடம்' என்பது எனக்குச் சற்று உறுத்துகிறது. தெளிவான ஹெச்டி படம் மணிக்குச் சுமார் 3 ஜிபி வரை டேட்டாவை விழுங்கும். அப்படியானால் இருபது நிமிடத்துக்கு 1 ஜிபி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில், பகலில் அரை ஜிபியை ரீல்ஸ் தின்றிருந்தால், மீதம் சரியாக இருபதாவது நிமிடத்தில்தான் தீரும். அதன் பிறகு செல்போன் நிறுவனம் வேகத்தை 64 கேபிபிஎஸ்ஸாகக் குறைத்துவிடும், அந்த வேகத்தில் படம் சுற்றத்தான் செய்யும். அன்றைய டேட்டாக் கணக்கை உங்கள் செல்போன் நிறுவனத்தின் செயலியில் பாருங்கள். டேட்டா தீர்ந்ததுதான் காரணம் என்றால், நாடக நிறுவனத்தின் மேல் குறை சொல்ல இடமில்லை. இரண்டரை மணி நேர நாடகத்தை ஹெச்டியில் பார்க்க 7 ஜிபிக்கு மேல் வேண்டும், தரத்தைக் குறைத்து வைத்தால் 2 முதல் 3 ஜிபியில் முடியும். கேபிள்காரரிடம் வாங்கிய பிராட்பேண்ட் வீட்டில் இருந்தால் அதில் பார்ப்பதே நல்லது. ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ் வேகம் நிலையாகக் கிடைத்தால் போதும்.

டேட்டா மீதமிருந்து, அதே நேரத்தில் மற்ற வீடியோக்கள் ஓடி, இந்த நாடகம் மட்டும் நின்றிருந்தால் நியாயம் உங்கள் பக்கம். நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-இன்படி, இணைய வணிகத் தளங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்தியாவில் உள்ளவர்களுக்குத் தொடர்ந்து விற்பனை செய்யும் வெளிநாட்டுத் தளங்களுக்கும் இது பொருந்தும். பணம் கட்டிய ரசீது, படம் நின்ற திரையின் ஸ்கிரீன்ஷாட், நேரம், அன்றைய டேட்டாக் கணக்கு ஆகியவற்றை இணைத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்பதைவிட, இன்னொரு 48 மணி நேரம் திறந்துவிடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் காரியம் நடந்துவிடும். அவர்களுக்கு அதில் செலவேதும் இல்லை.

அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, இரண்டாண்டுக்குள் போட வேண்டும், 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். இருந்தாலும் 250 ரூபாய்க்காக இரண்டு நாள் கூலியை இழப்பது எனக்கு உடன்பாடில்லை. 1915 வரை போய்ப் பாருங்கள்.

கேள்வி: செல்போனில் நன்றாக ஓடும் நாடகம், ஒயர் போட்டு டிவியில் இணைத்தால் ஒலி மட்டும் வருகிறது, படம் கறுப்பாக இருக்கிறது. டிவி கெட்டுவிட்டதா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டண நாடகங்களைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யாமலிருக்கப் படத்துக்குப் பூட்டுப் போட்டு அனுப்புவார்கள். ஹெச்டிஎம்ஐ வழியாக இணைக்கும்போது, அந்தப் பூட்டைத் திறக்கும் வசதி நடுவில் உள்ள எல்லாக் கருவியிலும் இருக்க வேண்டும். பழைய டிவி, ஹெச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் மலிவு அடாப்டர் போன்றவற்றில் அது இருக்காது, அதனால்தான் படம் கறுத்துப்போகிறது. புது டிவி வாங்கத் தேவையில்லை. டிவியில் ஹெச்டிஎம்ஐ துளை இருந்தால், அதில் நேராகச் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று போதுமா என்று பாருங்கள். ஆனால் ஸ்டிக்கை வாங்கும் முன், நீங்கள் பார்க்கும் நாடகத் தளத்துக்கு அதில் செயலி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சிறிய தளங்களுக்குப் பெரும்பாலும் இருக்காது. விலை குறைந்த சில செல்போன்களில், எவ்வளவு காசு கட்டினாலும் ஹெச்டி தரம் வராததற்கும் இதே பூட்டுதான் காரணம்.

கேள்வி: எங்கள் அடுக்ககச் சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு ஒருவர் தன் கணக்கில் ஒரு நாடகத்தை வாடகைக்கு எடுத்து, சமுதாயக் கூடத்தில் புரொஜெக்டரில் எல்லோருக்கும் போட்டுக் காட்டலாம் என்கிறார். நுழைவுக் கட்டணம் இல்லை. தவறுண்டா?
— சங்கச் செயலாளர், சரவணம்பட்டி

பதில்: உண்டு. அந்த வாடகை, வீட்டுக்குள் பார்ப்பதற்கு மட்டுமே தரப்படுவது. எண்பது குடும்பங்கள் கூடும் இடம் வீடாகாது. கட்டணம் வாங்காத பார்வையாளர்களுக்கு அமெச்சூர் சங்கங்கள் நாடகம் போடலாம் என்று 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அது நீங்களே அரிதாரம் பூசி நடிப்பதற்கு உரியது, பிறர் நடித்த பதிவைத் திரையிடுவதற்குப் பொருந்தாது. நாடகக் குழுவுக்கே எழுதிக் கேளுங்கள். ஒரு முறைத் திரையிடலுக்கு எழுத்தில் அனுமதி தரத் தயங்காத குழுக்கள் உண்டு. அப்படிக் கேட்கும்போதே, நேரில் வந்து நடிக்க எவ்வளவு ஆகும் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். எண்பது வீட்டுக்குப் பங்கு போட்டால் தொகை கட்டுப்படியாகலாம்.

கேள்வி: இலவச ஏழு நாள் என்று நாடகச் செயலி ஒன்றில் சேர்ந்தேன். பிடிக்காமல் செயலியை நீக்கிவிட்டேன். ஆனாலும் மாதாமாதம் பணம் போகிறது.
— வாசகி, கரூர்

பதில்: செயலியை நீக்கினால் சந்தா நீங்காது. நீங்கள் யுபிஐ வழியாகச் சேர்ந்திருந்தால், உங்கள் யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' (தானாகப் பணம் பிடிக்கத் தந்த அனுமதி) என்ற பகுதிக்குச் சென்று அந்த அனுமதியை நீங்களே ரத்து செய்யலாம். கார்டு என்றால் வங்கியின் இணையப் பக்கத்தில் 'இ-மேண்டேட்' பகுதியில் செய்யலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒவ்வொரு முறையும் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பாகவே வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகைக்கு ஓடிபி கேட்காது என்பதால், அந்தக் குறுஞ்செய்திதான் உங்களுக்கு இருக்கும் ஒரே எச்சரிக்கை. பழைய செய்திகளில் தேடிப் பாருங்கள். செய்தியே வரவில்லையென்றால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

சேர்வதற்கு ஒரு பொத்தானும் விலகுவதற்கு ஒன்பது பக்கமும் வைப்பதைச் 'சந்தாப் பொறி' என்று 2023 நவம்பர் 30-ஆம் நாளிட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. இலவசக் காலத்துக்கே கார்டு விவரம் கேட்பதும் அந்தப் பட்டியலில் அடங்கலாம் என்பதால், சேர்ந்தபோது என்ன எழுதியிருந்தது என்பதற்கு மின்னஞ்சலோ ஸ்கிரீன்ஷாட்டோ இருந்தால், அதை வைத்து 1915-இல் புகார் செய்யலாம். அனுமதியை ரத்து செய்த பிறகு, அந்தத் தளத்துக்குள் மறுபடி நுழைந்து சந்தாவையும் தனியே நிறுத்தி, நிறுத்திய பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.