கடைவாசல் பதில்கள்: சைக்கிளை எங்கே சாய்ப்பது?

காரைக்குடியில் 1982-லிருந்து சைக்கிள் கடை வைத்திருக்கும் நம் பதில்காரருக்கு வந்த கடிதங்களில், சைக்கிள் நிறுத்துவது பற்றியவை மட்டும் இந்த இதழில்.

எங்கள் பள்ளிக்கு தினமும் நூற்றிருபது சைக்கிள் வருகிறது. ஆடிக்காற்றில் ஒன்று சாய்ந்தால் வரிசையே சரிகிறது. பழைய மாணவர் ஒருவர் ஸ்டாண்ட் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். பட்டறைக்காரர், முன் சக்கரத்தைச் சொருகி நிறுத்தும் மாதிரிப் படத்தைக் காட்டுகிறார். செய்யலாமா?
*ஆசிரியை, கானாடுகாத்தான் அருகே*

அந்தப் படத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், டீச்சர்.

சைக்கிள் சக்கரம் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவதற்காகக் கட்டியது. நம் பழைய ரோட்ஸ்டர் வண்டியில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40. கேரியரில் ஒரு மூட்டை அரிசியை ஏற்றினாலும் முனகாது. அதே சக்கரத்தைப் பக்கவாட்டில் நெட்டிப் பாருங்கள், ரிம் கோணிவிடும். முன் சக்கரத்தை மட்டும் கவ்வும் ஸ்டாண்டில் அதுதான் நடக்கிறது. இருபது கிலோ வண்டியும் புத்தகப் பையும் சேர்ந்து சாயும்போது மொத்தமும் அந்த ஒரு சக்கரத்தின் மேல் விழுகிறது.

முன்பு ஒரு சினிமா கொட்டகை வாசலில் அப்படி ஒரு ஸ்டாண்ட் இருந்தது. புதுப்படம் போட்ட வாரம் தினமும் இரண்டு மூன்று வீலுக்காவது கோட்டம் எடுப்பேன். ஒருநாள் பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன், அப்பா சைக்கிளைத் தெரியாமல் எடுத்து வந்தவன், எட்டு மாதிரி வளைந்துபோன முன் வீலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் அழுதபடி நின்றான். அவனிடம் காசு வாங்கவில்லை. மற்றவர்களிடம் வாங்கினேன். அந்த ஸ்டாண்டால் எனக்கு நல்ல வரும்படி, அதை மறைப்பானேன்?

இன்னொன்று, அதில் பூட்டுப் போட்டாலும் முன் சக்கரத்துக்குத்தான் பூட்டு. இரண்டு நட்டைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை உங்களுக்கு விட்டுவிட்டு மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

வேண்டியது 'ப' எழுத்தைக் கவிழ்த்து நட்டது போன்ற வளைவு. இரண்டு அங்குல ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), தரைக்கு மேல் இரண்டரை அடி உயரம், நீளம் மூன்றடிக்குள். சைக்கிளை அதற்கு இணையாக நிறுத்தினால் வண்டியின் உடம்பு இரண்டு இடத்தில் சாய்ந்து நிற்கும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பாரையும் சக்கரத்தையும் சேர்த்தே சங்கிலி போடலாம். வெளிநாட்டில் இதற்கு ஷெஃபீல்ட் ஸ்டாண்ட் என்று இங்கிலாந்து ஊர் ஒன்றின் பெயர். நம் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய கத்திகளைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயர் புதுசாக இருக்காது, எஃகுக்குப் பேர்போன ஊர்.

வளைவுக்கு வளைவு ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். இரண்டடி போதும், நிறைய நிறுத்தலாம் என்று பட்டறைக்காரர் சொல்வார். ஹேண்டில்பார் அகலமே கிட்டத்தட்ட இரண்டடி. அப்புறம் ஒன்றின் பிரேக்கில் இன்னொன்று மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் இழுத்துக்கொண்டு நிற்பார்கள்.

ஆனால் நூற்றிருபது சைக்கிளுக்கு அறுபது வளைவு ஆகிறதே, யார் பணம் போடுவது? உங்களுக்குக் கேட் இருக்கிறது, காவலுக்கு ஆள் இருக்கிறார். திருட்டை விடச் சரிவதுதான் உங்கள் கஷ்டம். சைக்கிளோடு வரும் ஸ்டாண்டின் கால் மண்ணில் இறங்குவதால்தான் முதல் சைக்கிள் சாய்கிறது. எனவே முதல் செலவு சிமென்ட் தரை. அதன் மேல் பத்து சைக்கிளுக்கு ஒரு வளைவு நடுங்கள். சரிவு அங்கே வந்து நின்றுவிடும். பன்னிரண்டு வளைவில் வேலை முடியும். இது நானாகச் சொல்லும் யோசனைதான், ஆனாலும் செய்து பாருங்கள்.

லேடீஸ் சைக்கிளில் பார் கிடையாதே. வளைவில் எதைச் சாய்ப்பது?
*வாசகி, ராயவரம்*

நல்ல கேள்வி, ஆச்சி. இரண்டரை அடி உயரக் குழாயில் லேடீஸ் சைக்கிளின் சீட்டுக்கடி சாயும், முன்பக்கம் நழுவும். வளைவுக்கு நடுவே, தரையிலிருந்து ஒன்றரை அடியில் குறுக்காக இன்னொரு பைப்பைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். லேடீஸ் சைக்கிளில் சரிந்து இறங்கும் கீழ்க்குழாய் அதில் சாயும், சங்கிலியும் அங்கே சுற்றலாம். சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்கும் அதுதான் எட்டும். பார்வையில்லாதவர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு வரும்போது அந்தக் கீழ்க்கம்பி தடியில் படும். வெறும் வளைவாக இருந்தால் தடி நடுவே புகுந்து, குழாய் இடுப்பில் இடிக்கும். குறைந்தது வரிசையின் இரு கோடியிலாவது அது அவசியம்.

உங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்வதே அதிகம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகியபோது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். அந்த வருடங்களில் என் கடைக்கும் அந்தப் பக்கத்திலிருந்து பெண்கள் வந்தார்கள். ஒருவர் பாரில் குழந்தை சீட்டுப் பொருத்தச் சொன்னார், கையோடு குழந்தையையும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்.

நான் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பொது அலுவலகம். நல்ல ஸ்டாண்ட் போட்டிருக்கிறார்கள். யாரும் அதில் நிறுத்தாமல் வாசல் கிராதியில்தான் கட்டுகிறார்கள். நம் ஜனங்களுக்கு ஒழுங்கு வராதா?
*ஜவுளிக்கடை ஊழியர், காரைக்குடி*

ஜனங்களைத் திட்டுமுன் ஸ்டாண்ட் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். நான் போனேன். கட்டடத்துக்குப் பின்னால், ஜெனரேட்டரைத் தாண்டி. ஒரு முனையில் ஆடு கட்டியிருந்தது, நடுவில் ஈரத்துண்டு காய்ந்தது. ஆட்டுக்குச் சௌகரியமான இடம்தான், நிழலும் இருந்தது.

சைக்கிளில் வருபவன் வாசலைப் பார்த்துத்தான் வருவான். வாசலிலிருந்து ஐம்பது அடிக்குள் ஸ்டாண்ட் கண்ணில் படவேண்டும். டீக்கடைக்காரர், வாட்ச்மேன் என்று யாராவது ஒருவரின் பார்வை அதன் மேல் இருக்கவேண்டும். நடைபாதையில் நட்டால் நடப்பவர்களுக்கு ஆறடியாவது மிச்சம் விடுங்கள், சைக்கிளே ஆறடி நீளம் என்பதை மறந்துவிட்டு நடுகிறார்கள். கார் கதவு திறந்து இடிக்கும் இடம், கூரைத் தண்ணீர் கொட்டும் இடம் வேண்டாம். வேப்பமர நிழல் நல்லது, காக்கை கூடும் கிளைக்கு நேர் கீழே மட்டும் கூடாது. வெயிலில் நாள் முழுக்க நிற்கும் வண்டியில் சீட்டு ரெக்சின் வெடிக்கும், டயர் பக்கவாட்டில் கீறல் விடும். காலையில் நிழலாக இருக்கும் இடம் பகல் இரண்டு மணிக்கும் நிழல்தானா என்று ஒருநாள் நின்று பார்த்துவிட்டு நடலாம்.

எத்தனை வருடம் உழைக்கும்? துருப்பிடிக்காதா?
*வாசகர், புதுவயல்*

துருவைப் பற்றியும் ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953-லிருந்து இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் இதற்குப் பதில் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். இருந்தாலும் கண்ணால் கண்டது: ஜி.ஐ. பைப்பில் துரு முதலில் வருவது பற்றவைத்த இடத்தில். சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகிறது. பட்டறையை விட்டுக் கிளம்புமுன் அங்கே துத்தநாக பெயிண்ட் அடித்துவிட வேண்டும். அடுத்தது குழாய் தரையைத் தொடும் இடம். கான்கிரீட்டைச் சுற்றி மேடாக்கி வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள், தண்ணீர் தேங்காது. குழாய் ஒரு அடியாவது உள்ளே இறங்கட்டும். போல்ட் வைத்து மேலே பொருத்தினால் இராத்திரியில் ஸ்டாண்டோடு சைக்கிளும் போகும்.

எங்கள் ஊரில் பழைய வீடுகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். ஸ்டாண்டையும் வளவுத் தூண், கோலம் போன்ற வடிவில் செய்யலாமா?
*இளைஞர் மன்றம், பள்ளத்தூர்*

செய்யலாமே. நியூயார்க்கில் 2008-ல் டேவிட் பைர்ன் என்ற பாடகர் டாலர் குறி, குதிகால் செருப்பு என்று விதவிதமாக வரைந்து கொடுத்ததை அந்த நகரம் நட்டது. நீங்கள் தூண் செய்யுங்கள். ஒரே தூணாக வேண்டாம், சைக்கிள் சுழன்று விழும். இரண்டு தூணும் மேலே ஒரு உத்தரமும் என்றால் அதுவே நம் 'ப' ஆகிவிடும். கோலம் வேண்டவே வேண்டாம். அந்தச் சுழியில் பெடல் போய் மாட்டும், பிரேக் கம்பி போய் மாட்டும், கடைசியில் கோலம் போட்டவரைத்தான் திட்டுவார்கள்.

ஹாலந்தில் இருக்கும் என் தம்பி மகன், ஒரு ரயில் நிலையத்தில் பன்னிரண்டாயிரம் சைக்கிள் நிறுத்தலாம் என்கிறான். கதை விடுகிறானா?
*வாசகர், தேவகோட்டை*

குறைத்தே சொல்லியிருக்கிறான். உட்ரெக்ட் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிற்கும். 2019-ல் முழுதாகத் திறந்தார்கள். மூன்று தளம், உள்ளே ஓட்டிக்கொண்டே போகலாம், முதல் 24 மணி நேரம் காசில்லை. இரண்டடுக்கு ஸ்டாண்ட், மேல் தட்டை இழுத்து இறக்கி ஏற்ற வேண்டும். ஓட்டுகிற ஜனம் அத்தனை இருக்கும் ஊருக்கு அது சரி. பிள்ளை அடுத்த முறை வரும்போது, மேல் தட்டில் ஏற்ற எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

நீங்கள் உங்கள் சைக்கிளை எங்கே நிறுத்துகிறீர்கள்?
*பெயர் வேண்டாம் என்றவர், கோட்டையூர்*

குடியிருக்கும் வீட்டுத் திண்ணைத் தூணில்தான். சங்கிலி தேக்கைக் கீறுகிறது என்று வீட்டுக்கார ஆச்சி ஒருநாள் முகம் சுளித்தார்கள். பழைய டியூபை இரண்டடி வெட்டி, சங்கிலியை அதற்குள் கோத்துவிட்டேன். இப்போது கீறல் இல்லை. ரப்பர் கறுப்பு மட்டும் தூணில் கொஞ்சம் ஒட்டுகிறது, ஆச்சி இன்னும் கவனிக்கவில்லை.