பனியில் ஏறும் கப்பல்

அன்புள்ள அக்கா,

நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். அப்பா அம்மா நவம்பரில் மதுரையிலிருந்து வந்தார்கள். அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 67. குளிர் தொடங்கியதிலிருந்து இருவரும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள். பிப்ரவரியில் பேயோன் துறைமுகத்திலிருந்து பஹாமாஸ் போகும் ஏழு நாள் குரூஸில் கூட்டிப்போக ஆசைப்படுகிறேன். வீட்டிலிருந்து காரில் போய்விடலாம், விமானமே வேண்டாம். என் கணவரோ, "குளிர்காலத்தில் வடக்கிலிருந்து யாராவது கப்பலேறுவார்களா? மயாமிக்குப் போய் அங்கிருந்து ஏறலாம்" என்கிறார். அம்மாவுக்குக் கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினாலே வாந்தி. இந்தப் பயணம் போய்வந்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். எது சரி, சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எடிசன் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

எனக்குப் பேயோனில் ஏறுவதுதான் சரி என்று படுகிறது. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். நியூயார்க்கிலிருந்து பஹாமாஸின் தலைநகர் நசாவ் ஆயிரம் கடல் மைலுக்குக் கொஞ்சம் குறைவு. போக இரண்டு நாள், வர இரண்டு நாள். ஏழு நாளில் பாதிக்கு மேல் நடுக்கடலில்தான் இருக்கப்போகிறீர்கள். அந்த நாட்கள் அம்மாவுக்குப் பிடிக்குமா, உடம்பு தாங்குமா என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நசாவ் கடற்கரை எப்படி இருக்கும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கிளம்பும் மாலையைப் பற்றி முதலில் சொல்கிறேன். பிப்ரவரி தொடக்கத்தில் அங்கே ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கப்பல் புறப்படும் நேரத்தில் வடக்கே மன்ஹாட்டனில் விளக்குகள் வரிசையாக எரியத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் வெராசானோ பாலம் வரும். 1964இல் திறந்த பாலம், நீர்மட்டத்திலிருந்து 228 அடி உயரம். மேல் டெக்கில் நின்று பார்த்தால் புகைபோக்கி இடித்தே தீரும் என்று தோன்றும், எல்லாரும் தலையைக் குனிவார்கள். உங்கள் அப்பா இதைப் பார்த்தே ஆக வேண்டும். குல்லா, கையுறை, மப்ளர் எல்லாம் போட்டு மேலே கூட்டிப்போங்கள். பால்கனியிலிருந்து பார்த்தால் பாதிதான் தெரியும்.

அப்புறம் மறுநாள். உங்கள் கணவரின் பயம் நியாயமானது. மதியவாக்கில் கப்பல் வட கரோலினாவின் ஹாட்டரஸ் முனைக்கு வெளியே வரும். 'அட்லாண்டிக்கின் கல்லறை' என்று மாலுமிகள் பேர் வைத்த இடம். வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரும் தெற்கிலிருந்து வரும் கல்ஃப் ஸ்ட்ரீமின் வெந்நீரோட்டமும் சந்திப்பது அங்கேதான். அந்த நீரோட்டம் வடகிழக்கே ஓடுகிறது. குளிர்காலப் புயலில் காற்று வடகிழக்கிலிருந்து எதிர்த்து வீசினால் அலைகள் குறுகி, செங்குத்தாக எழும். 2016 பிப்ரவரி 6ஆம் தேதி பேயோனிலிருந்து கிளம்பிய 'ஆன்தம் ஆஃப் தி சீஸ்' என்ற பெரிய கப்பல் மறுநாளே அந்தப் பகுதியில் சூறாவளிக்கு நிகரான காற்றில் மாட்டிக்கொண்டது. பயணிகளைக் கேபினை விட்டு வர வேண்டாம் என்றார்கள். நாலைந்து பேருக்குச் சிறு காயம். கப்பல் பஹாமாஸ் போகாமல் துறைமுகத்துக்கே திரும்பியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இப்படியும் நடக்கலாம் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. நான் போனபோது புயல் எதுவும் இல்லை. இருந்தும் அன்று மதியம் ஊழியர்கள் மாடிப்படிக் கைப்பிடிகளில் வாந்திப் பைகளைச் செருகிவைத்தார்கள், நீச்சல் குளத்தை வலை போட்டு மூடினார்கள்.

அதனால் கேபின் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மேலே முன்பக்கத்தில் பால்கனியோடு மலிவாகத் தருகிறோம் என்று ஆசை காட்டினால் மயங்காதீர்கள். மாத்திரையை உங்கள் இஷ்டத்துக்கு வாங்காதீர்கள். குமட்டலுக்குக் கடையில் கிடைக்கும் மெக்லிசின், டிராமமைன் போன்றவை வயதானவர்களுக்குத் தூக்கமும் தடுமாற்றமும் தரலாம். கண்ணில் பிரஷர், பிராஸ்டேட் தொந்தரவு இருந்தால் சிக்கல். காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டைக்கு டாக்டர் சீட்டு வேண்டும், அதனால் சிலருக்கு மனக் குழப்பமும் வரும். அம்மா இப்போது சாப்பிடும் மாத்திரைப் பட்டியலோடு டாக்டரைப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் கட்டாயம் சொல்லியாக வேண்டியது: விசா. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் போதும் என்று யாராவது சொன்னால், அது கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பும் கப்பலில் வரும் அமெரிக்கக் குடிமக்களுக்கான சலுகை. அப்பா அம்மாவின் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா, திரும்பும் நாளில் செல்லுபடியாகுமா என்று பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பாருங்கள். நீங்களும் கணவரும் எச்-1பி வேலை விசாவில் இருந்து, பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்ப் காலாவதி ஆகியிருந்தால் இந்தப் பயணமே வேண்டாம். கையில் இருக்கும் ஐ-94ஐ, அதாவது அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவை, வைத்துத் திரும்பி வரும் வசதி கனடா, மெக்சிகோவுக்குச் சில நாள் போய்வருபவர்களுக்குத்தான். பஹாமாஸ் அதில் சேராது. நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வழியில் உள்ள தீவுகளுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டில் என்ன வேண்டும் என்பதையும் கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பீடும் அப்படித்தான். பெற்றோருக்கு நாம் எடுக்கும் விசிட்டர் பாலிசி அமெரிக்காவுக்கு வெளியே செல்லுமா என்று பாருங்கள். கப்பல் மருத்துவமனையில் பில்லைக் கையோடு கட்டச் சொல்வார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். முதல் நாள் இரவே சாப்பாட்டு அறை மேனேஜரிடம் சொன்னால் மறுநாளிலிருந்து பருப்பு, சப்பாத்தி, தயிர் கிடைக்கும். சமையலறையில் நம் ஊர்க்காரர் யாராவது இருந்தால் ரசம்கூட வரும்.

இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் பேயோன் என்று ஏன் சொல்கிறேன்? கல்ஃப் ஸ்ட்ரீமுக்குள் நுழைவதைக் கண்ணால் பார்க்கலாம். குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான நீரின் மேல் வீசும்போது கடலிலிருந்து ஆவி கிளம்பும், அலைகளின் மேல் அங்கங்கே வெள்ளையாகச் சுருண்டு ஓடும். சாம்பல் கலந்த பச்சையாக இருந்த தண்ணீர் கரு நீலமாகிவிடும். முதல் நாள் டெக்கில் இரண்டு நிமிடம் நிற்க முடியாதவர், இரண்டாம் நாள் சாயங்காலம் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு நடக்கிறார். மூன்றாம் நாள் செருப்பு போதும். பிப்ரவரியில் நசாவில் பகலில் 25 டிகிரி இருக்கும், மதுரையின் மார்கழிக் காலை மாதிரி. விமானத்தில் போனால் மூன்று மணி நேரத்தில் கதவு திறந்ததும் வெயில், அவ்வளவுதான். மாதக்கணக்கில் ஹீட்டர் காற்றையே சுவாசித்தவர்களுக்குக் குளிர் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பை விட்டுப் போவது எவ்வளவு பெரிய சுகம் என்று என் மாமியார் முகத்தில் பார்த்தேன். பெர்முடா கப்பல் மலிவாகக் கிடைத்தால் அதை எடுத்துவிடாதீர்கள். அங்கே பிப்ரவரியில் 20 டிகிரியும் காற்றும்தான், பெற்றோருக்கு இந்த மாற்றம் கிடைக்காது.

திரும்பும்போது எல்லாம் தலைகீழாக நடக்கும், அது கொஞ்சம் மனசுக்குக் கஷ்டம்தான். கடைசி இரவு பெட்டிகளை வெளியே வைக்கச் சொல்வார்கள். கோட்டுகளையும் பூட்ஸையும் அதில் போட்டுவிடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இறங்கினால் பேயோனில் உறைபனி இருக்கும். அப்பாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமானால் முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள், டெர்மினலில் வரிசை நீளம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா, "அந்த ஆட்டம் எனக்கு வேண்டாம்மா" என்று சொன்னால் மறுபேச்சுப் பேசாதீர்கள். மயாமிக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபோர்ட் லாடர்டேலுக்கு விமானத்தில் போய் அங்கிருந்து ஏறுங்கள், மறுநாள் காலையிலேயே பஹாமாஸ் வந்துவிடும். ஒன்று மட்டும்: கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாளே அங்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள். பிப்ரவரியில் நெவார்க்கில் ஒரு பனிப்பொழிவு வந்தால் விமானம் நின்றுவிடும், கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது.

அன்புடன்,
அக்கா