மீனைப் பற்றிக் கேட்டால் என்ன தப்பு?

அன்புள்ள அக்கா,

நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். எங்களுடையது சின்ன மீன் வளர்ப்புக் குழு. ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம், குஞ்சுகளை மாற்றிக்கொள்வோம், தே தாரிக் குடித்துக்கொண்டே தண்ணீரைப் பற்றிப் பேசுவோம். குழுவில் இருந்த ஓர் அண்ணன் வேலை மாறி அமெரிக்காவில் டாம்பாவுக்குப் போனார். 2024 அக்டோபரில் மில்டன் சூறாவளி அடித்தபோது வீட்டில் தனியாக இருந்தார். அவர் பகுதிக்கு வெளியேறும் உத்தரவு இல்லை. ஆனால் மின்சாரம் போய்விட்டது. வீட்டில் மூன்று தொட்டி டிஸ்கஸ் மீன். அங்கே இரவு, இங்கே காலை. நாங்கள் வேலைக்கு நடுவே மாற்றி மாற்றி அவரோடு போனில் இருந்தோம். பேசியது முழுக்க மீனைப் பற்றித்தான்.

கேட்டுக்கொண்டிருந்த என் மாமா, "கூரை பறக்கிற நேரத்துல மனுஷன் எப்படி இருக்கான்னு கேக்காம, மீனு எப்படி இருக்குன்னு கேக்குறீங்களே, வெட்கமா இல்லையா?" என்றார். அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாங்கள் செய்தது தப்பா? நம் பக்கம் பெரிய வெள்ளம் வந்தால் எங்களைப் போன்ற குழு உருப்படியாக என்ன செய்ய முடியும்?

(பெயர் வேண்டாம்)
செந்தூல்

அன்புள்ள தம்பி,

மாமா மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆபத்து என்றால் முதலில் ஆள், அப்புறம்தான் மற்றது என்று நினைக்கிறவர். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வெளியேறச் சொன்ன பகுதியில் அந்த அண்ணன் இருந்து, மீனுக்காக வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்றிருந்தால், நானும் மாமா பக்கம்தான் நின்றிருப்பேன். அப்போது உங்கள் குழுவின் வேலை, "தொட்டியை விட்டுட்டுக் கிளம்புங்க அண்ணே" என்று அவர் வண்டியில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருப்பதுதான். மீன் வளர்க்காதவர் சொன்னால் அவர் காதில் ஏறாது. நீங்கள் சொன்னால் ஏறும்.

ஆனால் நடந்தது வேறு. அவர் இருக்கச் சொன்ன இடத்தில்தான் இருந்தார். மில்டன் அக்டோபர் 9 இரவு எட்டரை மணிவாக்கில், டாம்பாவுக்குத் தெற்கே சியஸ்டா கீ பக்கம் கரையேறியது. நமக்கு அது 10ஆம் தேதி காலை எட்டரை. சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். ஃபுளோரிடாவில் 30 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஹெலீன் சூறாவளி அந்த மாநிலத்தை அடித்துவிட்டுப் போயிருந்தது. இப்படிப்பட்ட இருட்டில், காற்றுச் சத்தத்துக்கு நடுவே, தனியாக ஒரு மனிதர். அவருக்கு நீங்கள் பகல்நேர ஆட்கள். இங்கே வெளிச்சத்தில், விழித்துக்கொண்டு இருந்தீர்கள். அது எவ்வளவு பெரிய உதவி என்று மாமாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த மீன் பேச்சு. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்." அதோடு பேச்சு முடிந்துவிடும். "ஏர் பம்ப் எதுல ஓடுது?" என்று கேட்டுப் பாருங்கள். "பவர்பேங்க்ல" என்பார். அப்படியென்றால் போனுக்குச் சார்ஜ் எங்கிருந்து? மீனுக்காகப் போனைப் பட்டினி போடுகிறார் என்று உங்களுக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். "வாளியில பிடிச்சு வச்ச தண்ணி எவ்வளவு இருக்கு?" என்றால் குடிக்க இருக்கிறதா என்பதும் தெரியும். "கீழ் தொட்டி எப்படி?" என்றால் தரையில் ஈரம் ஏறியிருக்கிறதா என்பது தெரியும். மனுஷன் எப்படி இருக்கிறார் என்பதைத்தான் காலை முழுக்க கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவர் மறைக்காமல் பதில் சொல்லக்கூடிய விதத்தில் கேட்டீர்கள்.

கைக்கு வேலை கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 28 டிகிரி வெதுவெதுப்பில் தண்ணீர் தாங்கக்கூடிய ஆக்ஸிஜனே லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கும் குறைவு. நெருக்கமாக மீன் இருக்கும் தொட்டியில் பம்ப் நின்றால் சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்போது செய்யக்கூடியது, ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுவது. ஊற்றுகிற தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு தொட்டிக்குச் சில நிமிடம், அடுத்தது, அடுத்தது, திரும்ப முதல் தொட்டி. தீனி போடக் கூடாது. தின்ற மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், கழிவும் அதிகம். சன்னல் அதிர்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைவிட, டார்ச் வெளிச்சத்தில் குவளையும் கையுமாக நிற்பவருக்கு அந்த இரவு கொஞ்சமாவது நகரும். போனின் மறுமுனையில் "இப்ப இரண்டாவது தொட்டிக்குப் போங்க அண்ணே" என்று சொல்ல ஒரு குரலும் இருந்திருக்கிறது.

மின்சாரம் போவது மீன் வளர்ப்பவர்களுக்கு எவ்வளவு கொடியது என்பதற்கு நியூ ஆர்லியன்ஸில் நடந்ததை மாமாவுக்குச் சொல்லலாம். 2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா சூறாவளி. அங்கே ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய மீன் காட்சியகத்தின் கட்டடம் புயலைத் தாங்கிக்கொண்டது. ஆனால் ஊரில் மின்சாரம் இல்லை, பிறகு ஜெனரேட்டரும் நின்றது, ஊழியர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. சுமார் 10,000 மீன்களில் பெரும்பாலானவை செத்துப்போயின. உயிர் பிழைத்த பெங்குவின்களையும் கடல் நீர்நாய்களையும் கலிஃபோர்னியாவில் மான்டரேயில் இருக்கும் காட்சியகம் வாங்கி வைத்துப் பார்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு மே மாதம் நியூ ஆர்லியன்ஸ் காட்சியகம் திரும்பத் திறந்தது. சக தொழில்காரர்கள் இடம் கொடுத்துக் காப்பாற்றியதால்தான் அந்தப் பறவைகளும் விலங்குகளும் பிழைத்தன. உங்கள் குழு செய்ததும் அதே உறவுமுறையில் வந்ததுதான்.

இப்போது நம் ஊர். நமக்குச் சூறாவளி வராது என்று சொல்லிப் பழகிவிட்டோம். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் பூமியின் சுழற்சி காற்றைச் சுருட்டப் போதாது, அதனால் பெரும்பாலும் உண்மைதான். ஆனாலும் 1996 டிசம்பரில் கிரெக் புயல் சபாவில் கெனிங்காவ் பக்கம் 200க்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது. 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் ஜொகூரில் கரையேறியது. 2021 டிசம்பர் நமக்கு இன்னும் ஆறவில்லை. தென்சீனக் கடலில் உருவான ஒரு தாழ்வு மண்டலம் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்தது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை கோலாலம்பூரில் ஒரே நாளில் கொட்டியது. புயல் என்று பெயர் வைக்கும் அளவுக்குக்கூட அது வளரவில்லை. நாடு முழுக்க 50க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

வெள்ளம் வடிந்த பிறகு ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடாவுக்குக் கழுவ உதவியாகப் போனேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மெத்தை, அலமாரி, சோபா எல்லாம் மலையாகக் குவிந்து கிடந்தன. ஒரு வீட்டுக் கூடத்தில் நான்கடி மீன் தொட்டி. கண்ணாடி உடையவில்லை. உள்ளே பாதிக்கு மேல் சேறு, சேற்றுக்கு மேலே ஃபில்டரின் நீல ஸ்பான்ஞ்ச் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் மற்றதையெல்லாம் வெளியே தள்ளச் சொன்னார். தொட்டியைத் தொட வேண்டாம் என்றார். பிள்ளைகள் பள்ளியில் இருந்த நிவாரண மையத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு மீனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை என்றார். அவரிடம் மீனைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை. அரிசி, பால் மாவு, போர்வை என்று எல்லோரும் சரியான கேள்விகளைத்தான் கேட்டிருந்தார்கள். வீடே போன மனிதர் மீனுக்காக வருத்தப்படுகிறேன் என்று வெளியே சொல்ல முடியுமா? உங்களைப் போன்ற ஒருவர் போய் "என்ன மீன் அண்ணே வச்சிருந்தீங்க?" என்று கேட்டிருந்தால் அவர் உட்கார்ந்து பேசியிருப்பார்.

அந்த நாட்களில் பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் சமைத்து ஸ்ரீ மூடாவுக்குச் சாப்பாடு அனுப்பினார்கள். பெரிய அடுப்பும் பாத்திரமும் பழகிய கையும் அவர்களிடம் இருந்தன. உங்களிடம் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நீளமான ரப்பர் குழாய், தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப், டஜன் கணக்கில் வாளி, மூடி போட்ட பெரிய பீப்பாய், கண்ணாடி சுரண்டும் கத்தி, பேட்டரியில் ஓடும் சாமான்கள். சேறு புகுந்த வீட்டுக்கு வேண்டியது ஏறக்குறைய இதுதான். குழாயில் தண்ணீர் வராத வீட்டில் பீப்பாயிலிருந்து பம்ப் போட்டு அடித்துக் கழுவ உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வயரிங்கைச் சரிபார்க்காத வீட்டில் மட்டும் சுவர்ப் பிளக்கைத் தொடாதீர்கள். பூட்ஸும் கையுறையும் போடாமல் சேற்றில் இறங்காதீர்கள், எலி மூத்திரக் காய்ச்சல் விளையாட்டில்லை.

மீன் விஷயத்தில் இரண்டு சொல்கிறேன், தெரிந்ததுதான் என்றாலும். மின்சாரம் பல மணி நேரம் போயிருந்தால், மூடிய கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே ஓட விடாதீர்கள். காற்றில்லாமல் உள்ளே நல்ல பாக்டீரியா செத்து அழுகியிருக்கும், சுவிட்சைப் போட்டதும் அத்தனை அழுக்கும் தொட்டிக்குள் வரும். புயலைத் தாண்டி வந்த மீன்கள் அதில் போய்விடும். கழற்றி, வாளியில் மொண்டெடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, என்ன ஆனாலும் மீனை லொங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், விட வேண்டாம். "பாவம், எங்கேயாவது பொழச்சிக்கட்டும்" என்று விட்டதில்தான் கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும், தொட்டிப் பாசியைத் தின்ன வாங்கி வளர்க்கும் வெளிநாட்டுப் பண்டாராயா மீன் இப்படிப் பெருகி நம் மீன்களை நெருக்குகிறது. விட மனம் வந்தவருக்கு மீனைக் கொடுக்க ஒரு வீடு கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டார். அந்த வீட்டை மழைக்கு முன்பே சொல்லி வைப்பது உங்கள் குழுவால் முடியும்.

நவம்பருக்கு முன் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தே தாரிக் ஆறுவதற்குள் முடிகிற வேலை: யார் தரை வீடு, யார் மாடி, யாரிடம் வேன், யார் வீட்டில் காலித் தொட்டி, யார் வீட்டில் வயதான அம்மா தனியாக இருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தண்ணீர் ஏறுகிற செய்தி வந்தால் மாடிக்காரர் தரை வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும். அவர் கூப்பிடும்வரை காத்திருக்கக் கூடாது. முதலில் அம்மா, பிறகு பத்திரங்கள், நேரம் இருந்தால் போலிஸ்டைரின் பெட்டியில் மீன். மாமாவையும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். எதை முதலில் தூக்குவது என்று சொல்ல அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

என் பெயரையும் அந்தத் தாளில் சேருங்கள். நான் நான்காவது மாடி. வீட்டில் மூன்றடித் தொட்டி ஒன்று காலியாகவே இருக்கிறது, ஃபில்டரோடு.

அன்புடன்,
அக்கா