புண் ஆறாத காலுக்கு ரேடியாலஜிஸ்ட் எதற்கு?

"அப்பாவுக்கு 68 வயது, ரொம்ப வருடமாகச் சர்க்கரை. கால் கட்டை விரல் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. விரலை எடுக்க வேண்டி வரலாம், அதற்கு முன்னால் ஓர் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட்டைப் பாருங்கள் என்கிறார் சர்ஜன். ஸ்கேன் பார்ப்பவர் எப்படிக் காலைக் காப்பாற்றுவார்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

போங்கள், இந்த வாரமே போங்கள். ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டு அடைப்பைச் சரிசெய்வதுதான் எங்கள் துறை, அது பிறந்ததே இப்படி ஒரு காலில்தான்.

1964 ஜனவரி 16, அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரம். 82 வயதுப் பாட்டி ஒருவருக்கு ரத்த ஓட்டம் இல்லாமல் கால் விரல்கள் அழுகத் தொடங்கிவிட்டன. காலை எடுக்க வேண்டும் என்றதும், முடியவே முடியாது என்றுவிட்டார். சார்லஸ் டாட்டர் என்ற ரேடியாலஜிஸ்ட்டிடம் அனுப்பினார்கள். தொடை ரத்தக்குழாயில் ஒரு சின்ன இடத்தில்தான் சுருக்கம். டாட்டர் அதற்குள் மெல்லிய கம்பியை நுழைத்து, அந்தக் கம்பியின் மேலேயே முதலில் ஒரு குழாய், அப்புறம் அதைவிடப் பருமனான இன்னொன்று என்று செலுத்தி வழியை அகலப்படுத்தினார். அவ்வளவுதான், கத்தியே படவில்லை. சில்லிட்டிருந்த பாதம் சூடானது, புண் ஆறியது, பாட்டி அதற்கப்புறம் இரண்டரை வருடம், சாகும்வரை, சொந்தக் காலிலேயே நடந்தார். அவருடைய பிடிவாதத்துக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

ஊசி குத்தி, அதன் வழியே கம்பி விட்டு, ஊசியை உருவிவிட்டு, கம்பி மேல் குழாயை ஏற்றும் முறையை ஸ்வீடனின் செல்டிங்கர் 1953இலேயே வெளியிட்டிருந்தார். அது படமெடுக்க மருந்து செலுத்துவதற்கான வழி. குழாய்தான் உள்ளே போய்விட்டதே, அடைப்பும் திரையில் தெரிகிறதே, அங்கேயே சரிசெய்தால் என்ன என்று துணிந்தவர் டாட்டர். அவர் நாட்டு சர்ஜன்கள் பலர் நம்பவில்லை, ஐரோப்பாதான் முதலில் கையில் எடுத்தது. 1974இல் க்ரூன்ட்சிக் என்ற மருத்துவர் கால் ரத்தக்குழாய்க்குள் ஊதி வழியை அகலப்படுத்தும் பலூனைக் கொண்டுவந்தார், 1977இல் அதையே சூரிச்சில் இதயத்துக்குப் பயன்படுத்தினார். அமெரிக்காவில் இது தனிச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது 2012இல்தான், அதனால் உங்களுக்குப் பெயர் புதிதாக இருப்பதில் வியப்பில்லை.

சரி, அப்பா விஷயத்துக்கு வருவோம். முதலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் மருந்து செலுத்தி ரத்தக்குழாயைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம். அடைப்பைத் திறப்பது பெரும்பாலும் தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுச் செய்வதுதான், அப்பா விழித்தே இருப்பார், முடிந்த பிறகு சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கு முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பு படிந்து நீளமாக அடைத்திருக்கும், எல்லா அடைப்பும் திறந்துவிடாது, சிலருக்கு அடைப்பைச் சுற்றி மாற்று வழி வைக்கும் பைபாஸ் ஆபரேஷன்தான் வழி. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டையும் மாத்திரைப் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள். மெட்ஃபார்மினையோ ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். விரலை எடுத்தே ஆக வேண்டுமென்றாலும், ரத்த ஓட்டத்தைச் சரிசெய்துவிட்டு எடுக்க முடியுமா என்று கேளுங்கள், ஓட்டம் இல்லாவிட்டால் வெட்டிய இடமும் ஆறாது. காய்ச்சல், சீழ், கறுப்பு பரவுவது என ஏதாவது இருந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.